கடிதம் வருகுது, ஆனால் போகுதில்லை!



சென்ற மாதக் கணனி உரையில் மின்னஞ்சல் பற்றிப் பேசியிருந்தேன். உரை முடிந்த பிறகு நிலையத்துக்கு வந்த அழைப்புகளில் முக்கால்வாசி ஒரே முறைப்பாடுதான். "தம்பி, எனக்கு வாற கடிதம் எல்லாம் ஒழுங்காக வருகுது. நான் அனுப்பினால் மட்டும் போகுதில்லை. கணனி பழுதோ?" கணனி பழுதில்லை. ஒலிபரப்பில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து அந்த விடயத்தை இங்கே எழுதுகிறேன்.

கைத்தொலைபேசியில் மின்னஞ்சல் பார்ப்பவர்களுக்கும், இணையத்தளத்துக்குள் போய்ப் பார்ப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை குறைவு. அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளைக் கணனியில் நிறுவி வைத்திருப்பவர்களுக்குத்தான் இது வரும். எங்கள் கோயில் சபைச் செயலாளர்கள், பழைய மாணவர் சங்கப் பொருளாளர்கள், ஓய்வுபெற்ற கணக்காளர்கள், ஆசிரியர்கள் என்று அப்படிப்பட்டவர்கள் இங்கே அவுஸ்திரேலியாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இருபது வருடமாக அதே மென்பொருளோடு குடித்தனம் நடத்துபவர்கள்.

திருத்த வேலைக்குப் போகமுன் செய்யக்கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அனுப்ப முடியவில்லை என்றதும் வீட்டிலுள்ள இளையவர்கள் உடனே சொல்லும் மருந்து, "கணக்கை அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கோ" என்பது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஏனென்றால் பழைய கணக்குகள் பல 'பொப்' என்ற முறையில் அமைக்கப்பட்டவை. அந்த முறையில் கடிதம் உங்கள் கணனிக்கு இறங்கியதும் சேர்வரிலிருந்து அழிந்துபோகக்கூடும். அதாவது உலகத்தில் அந்தக் கடிதத்தின் ஒரே பிரதி உங்கள் கணனியில்தான் இருக்கும். பின்னாளில் வந்த 'ஐமப்' முறையில் அப்படியல்ல. கடிதங்கள் சேர்வரில் இருக்கும், உங்கள் கணனி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மெல்பேர்ணிலிருந்து ஒரு ஐயா அழைத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்த தமையனார் 2004ஆம் ஆண்டிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாம் அவருடைய தண்டர்பேர்டில் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. தமையனார் இப்போது இல்லை. பேரன் கணக்கை அழித்துப் புதிதாகப் போடலாம் என்று சொல்லியிருக்கிறான். ஐயா அதற்குமுன் ஒருதரம் கேட்போம் என்று எங்களைக் கூப்பிட்டது நல்லதாய்ப் போயிற்று. அவருடையது பொப் கணக்கு. அனுப்பும் பக்கத்துக் கடவுச்சொல் பழையதாக இருந்ததுதான் முழுப் பிரச்சினையும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிட வேலைக்காகத் தமையனாருடைய கடிதங்கள் முழுவதையும் அடகு வைக்கத் தேவையில்லை அல்லவா?

ஆகவே எதைத் தொடமுன்னரும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தண்டர்பேர்டில் 'ஹெல்ப்' என்பதற்குள் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்பர்மேஷன்' என்று இருக்கும். அதைத் திறந்தால் 'புரொபைல் போல்டர்' என்ற வரியும் பக்கத்தில் அதைத் திறக்கும் பொத்தானும் தெரியும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை அப்படியே ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் போட்டு வையுங்கள். அவுட்லுக்கில் பொப் கணக்கின் கடிதங்கள் பெரும்பாலும் பி.எஸ்.ரி. என்று முடியும் ஒரே கோப்பில் இருக்கும். அவுட்லுக்கை மூடிய பின் அதைப் பிரதி எடுத்தால் போதும்.

இனி, வருவது வந்துகொண்டிருக்க ஏன் போவது மட்டும் நிற்கிறது?

ஊரில் தபால் எப்படி நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். வரும் கடிதத்தைத் தபால்காரர் படலையடியில் கொண்டுவந்து தருவார். போகும் கடிதத்தை நாங்கள்தான் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் வருவதற்கும் நாங்கள் போவதற்கும் தொடர்பே இல்லை. மின்னஞ்சலிலும் அப்படியே. கடிதம் எடுக்கும் வேலை பொப் அல்லது ஐமப் சேர்வருடையது. அனுப்பும் வேலை எஸ்.எம்.ரி.பி. என்ற வேறொரு சேர்வருடையது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி வாசல் எண், தனித்தனியாகச் சேமிக்கப்பட்ட கடவுச்சொல். உங்கள் மென்பொருள் இரண்டையும் ஒரே சட்டைக்குள் மறைத்து வைத்திருப்பதால் ஒன்று என்று நினைக்கிறோம்.

எஸ்.எம்.ரி.பி. முறை 1982இல் ஜொன் போஸ்ரல் என்ற அமெரிக்க அறிஞர் எழுதிய ஆவணத்தில் வகுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் இணையத்தில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வுகூடத்தாருமே. ஒருவரை ஒருவர் நம்பினார்கள். கடிதம் கொண்டுவந்தவர் யார் என்று சேர்வர் கேட்கவில்லை; கடவுச்சொல்லும் இல்லை. தொண்ணூறுகளில் குப்பைக் கடிதக்காரர்கள் அந்தத் திறந்த வாசலுக்குள்ளால் புகுந்தார்கள். பிறகுதான் பூட்டுப் போடத் தொடங்கினார்கள். 1998 டிசம்பரில் வீட்டுக் கணனிகள் கடிதம் ஒப்படைப்பதற்கென்று 587 என்ற தனி வாசல் வகுக்கப்பட்டது. 1999இல் அனுப்பும்போது கடவுச்சொல் கேட்கும் முறை வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை பூட்டுக்கு மேல் பூட்டாக வந்துகொண்டே இருக்கிறது. கடிதம் எடுப்பவரால் பெரும்பாலும் தனக்குத்தான் கேடு. அனுப்புபவரால் ஊருக்கே கேடு வரலாம். அதனால் அனுப்பும் வாசலில் காவல் எப்போதும் கடுமை. நீங்கள் பத்து வருடத்துக்கு முன் போட்ட செற்றிங்ஸ் அப்படியே இருக்க, வாசலில் பூட்டை மாற்றிவிட்டார்கள்.

சரி, திருத்துவோம். அவசரமான கடிதம் என்றால் முதலில் அதை இணையத்தளத்துக்குள் போய் அங்கிருந்து அனுப்பிவிடுங்கள். விசா விண்ணப்பத்துக்கான ஆவணம், சட்டத்தரணிக்குப் போகவேண்டிய பதில் போன்றவற்றைத் தலைவலியோடு வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். 'சென்ட்' என்ற பெட்டிக்குள் கடிதம் தெரிகிறதா என்று பாருங்கள். அது அவுட்பொக்ஸில் நிற்கிறதென்றால் போகவில்லை. அனுப்பும் பொத்தானை அமத்தியதும் எழுதும் சாளரம் மறைந்துவிடுவதால் கடிதம் போய்விட்டது என்று நம்பி, தவணை தப்பிய பிறகு அறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு ஒரு சோதனைக் கடிதம். உங்களுக்கே நீங்கள் எழுதுங்கள். ஒரு சொல் போதும். படம், கோப்பு ஒன்றும் இணைக்க வேண்டாம். அது போனால் செற்றிங்ஸ் எல்லாம் சரி, பிரச்சினை அந்தக் குறிப்பிட்ட கடிதத்தில்தான். பெரும்பாலும் அது நிறை கூடிய கடிதமாக இருக்கும். ஜீமெயிலில் இணைக்கும் கோப்புகளுக்கு 25 எம்.பி. எல்லை. வேறு சில சேர்வர்கள் பொதி கட்டிய பின் உள்ள நிறையைப் பார்க்கும். மின்னஞ்சல் எழுத்துகளை மட்டும் சுமக்கப் பிறந்த வண்டி என்பதால், படத்தை எழுத்துகளாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். அப்போது நிறை மூன்றில் ஒரு பங்கு கூடும். 15 எம்.பி. கலியாணப் படங்கள் 20 எம்.பி. ஆகிவிடும். அப்படியொரு கடிதம் அவுட்பொக்ஸ் வாசலில் சிக்கினால் பின்னால் நிற்பவையும் நகராமல் போவதுண்டு. 'வேர்க் ஒவ்லைன்' பொத்தானை அமத்தி நிறுத்திவிட்டு, அந்தக் கடிதத்தை ட்ராவ்ற்ஸ் பெட்டிக்கு இழுத்துவிடுங்கள். பிறகு மறக்காமல் அந்தப் பொத்தானைத் திரும்ப எடுத்துவிடுங்கள்! அது தவறுதலாக அமர்ந்திருப்பதே முழு நோயாக இருந்த வீடுகளும் உண்டு.

சோதனைக் கடிதமும் போகவில்லையா? திரையில் ஒரு பெட்டி ஆங்கிலத்தில் எதையோ சொல்லும். நாங்கள் அதை வாசிக்காமலே மூடிவிடுகிறோம். மூடாதீர்கள். அதற்குள் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் சேர்வர் வாய் திறந்து சொல்லும் காரணம். 535 என்றால் கடவுச்சொல் அல்லது பெயர் பிழை. 530 என்றால் கடவுச்சொல்லே தரவில்லை. 550உடன் 'ரிலே' என்ற சொல்லும் வந்தால், "உன்னை எனக்குத் தெரியாது, உன் கடிதத்தை வெளியே கொண்டுபோக மாட்டேன்" என்று அர்த்தம். 552 என்றால் பெரும்பாலும் நிறை கூடிவிட்டது. எண் எதுவுமே இல்லாமல் 'ரைம்ட் அவுட்' என்று மட்டும் வந்தால் உங்கள் கணனி சேர்வரோடு பேசவே இல்லை. வாசலைத் தட்டிவிட்டு நின்று களைத்திருக்கிறது.

எண் இல்லாத அந்த நிலைமைக்குக் காரணம் அநேகமாக வாசல் எண்தான். பழைய கணக்குகளில் 25 என்று இருக்கும். குப்பைக் கடிதத்தைத் தடுப்பதற்காகப் பல இணையச் சேவை நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் 25ஐ மூடி வைத்திருக்கின்றன. அதற்குப் பதிலாக 587 அல்லது 465 போட வேண்டும். ஒருவர் 587 என்பார், இன்னொருவர் 465 என்பார். இருவரும் சரி. 465 ஒருமுறை ஒதுக்கப்பட்டுப் பின் கைவிடப்பட்ட எண். 2018 ஜனவரியில் அதற்கு மீண்டும் மரியாதை கொடுத்தார்கள். ஆனால் எண்ணோடு பூட்டின் வகையும் பொருந்த வேண்டும். 465 என்றால் 'எஸ்.எஸ்.எல். / ரி.எல்.எஸ்.', 587 என்றால் 'ஸ்ரார்ட் ரி.எல்.எஸ்.'. ஒன்றின் எண்ணுக்கு மற்றதன் பூட்டைப் போட்டால் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். நான் பார்த்த அளவில், அயலவர் சொன்ன எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் பூட்டை மாற்றாமல் விட்டவர்களே அதிகம்.

இதை எங்கே பார்ப்பது? தண்டர்பேர்டில் 'எக்கவுண்ட் செற்றிங்ஸ்' திறந்து இடப்பக்கப் பட்டியலின் அடிக்குப் போங்கள். 'அவுட்கோயிங் சேர்வர்' என்று தனியாகக் கிடக்கும். கணக்கின் பெயருக்குக் கீழே அதைத் தேடித்தான் பலர் களைத்துப்போகிறார்கள். அவுட்லுக்கின் பழைய பதிப்புகளில் கணக்கைத் திறந்து 'மோர் செற்றிங்ஸ்' என்பதற்குள் 'அவுட்கோயிங் சேர்வர்' என்ற தாளைப் பாருங்கள். அங்கே ஒரு சின்னச் சதுரம். "அனுப்பும் சேர்வருக்கும் கடவுச்சொல் தேவை" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதில் சரி அடையாளம் இல்லாவிட்டால் 530ம் 550ம் வந்துகொண்டே இருக்கும். இருபது வருடமாக அந்தச் சின்னச் சதுரம் எத்தனை பேரின் நித்திரையைக் கெடுத்திருக்கும்!

இப்போது 535 என்ற கடவுச்சொல் பிரச்சினைக்கு வருவோம். அழைத்தவர்களில் அதிகம் பேருக்கு இதுதான்.

"கடவுச்சொல் சரிதான் தம்பி, அதே கடவுச்சொல்லால்தான் இணையத்தளத்துக்குள் போகிறேன்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் கூகிள் 2022 மே 30ஆம் தேதிக்குப் பிறகு தனியார் கணக்குகளில், பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொண்டுவரும் மென்பொருளை உள்ளே விடுவதை நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசொப்ட் தன் ஹொட்மெயில், அவுட்லுக் புள்ளி கொம் முகவரிகளுக்கு 2024 செப்டெம்பர் 16 முதல் அதையே செய்தது. இப்போது அவர்கள் விரும்புவது 'ஓஓத் 2' என்ற முறை. அதில் உங்கள் கடவுச்சொல் மென்பொருளின் கையில் போவதில்லை. கூகிளோ மைக்ரோசொப்டோ தன் பக்கத்தைத் திறந்து உங்களிடம் நேரே கேட்டு, மென்பொருளுக்கு ஒரு அனுமதிச் சீட்டு மட்டும் கொடுக்கும். நல்ல முறைதான், அந்தச் சீட்டு களவு போனாலும் கடவுச்சொல் போவதில்லை.

தண்டர்பேர்டில் 'ஓதென்ரிகேஷன் மெதட்' என்ற இடத்தில் 'ஓஓத் 2' என்று தெரிவு செய்ய வேண்டும். வரவுப் பக்கத்தில் ஒருமுறை, அனுப்பும் பக்கத்தில் இன்னொருமுறை. கவனியுங்கள், இரண்டு முறை! வரவுப் பக்கத்தில் மாற்றியதும் கடிதங்கள் வந்து குவியும். வேலை முடிந்தது என்று எழும்பிவிடுவோம். அனுப்பும் பக்கம் இன்னமும் பழைய முறையில் நிற்கும். இந்தக் கட்டுரையின் தலைப்பு அங்கேதான் பிறக்கிறது.

புதிய முறையை அறியாத பழைய மென்பொருள் என்றால் கூகிளில் 'அப் பாஸ்வேர்ட்' என்ற மாற்று வழி ஒன்று உண்டு. கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்ட பிறகு கூகிள் 16 எழுத்துகள் கொண்ட ஒரு கடவுச்சொல்லைத் தரும். அதை அந்த மென்பொருளுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். உங்கள் கூகிள் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை எப்போதாவது மாற்றினால் இந்த 16 எழுத்துகளும் செல்லாமல் போய்விடும். திரும்பவும் புதிதாக எடுக்க வேண்டும். யாகூவிலும் அப்பிளின் ஐகிளவுட்டிலும் இதைப் போன்ற தனிக் கடவுச்சொல் முறை இருக்கிறது.

சாதாரணமாகக் கடவுச்சொல்லை மாற்றியவர்களுக்கும் ஒரு சொல். மென்பொருள் வரவுக்கு ஒன்றும் அனுப்புவதற்கு ஒன்றுமாக இரண்டு இடத்தில் சேமித்து வைத்திருக்கும். தண்டர்பேர்டில் 'சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ்' பட்டியலைத் திறந்தால் எஸ்.எம்.ரி.பி. என்று தொடங்கும் வரி தனியாகத் தெரியும். அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டு ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். புதிய கடவுச்சொல்லைக் கேட்கும். மெல்பேர்ண் ஐயாவுக்குச் செய்தது இவ்வளவே.

இரண்டு மூன்று முகவரிகளை ஒரே மென்பொருளில் வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு முகவரியும் எந்த அனுப்பும் சேர்வரைப் பாவிக்கிறது என்றும் பாருங்கள். சங்கத்தின் முகவரியிலிருந்து எழுதும் கடிதம் உங்கள் சொந்தக் கணக்கின் சேர்வருக்குள்ளால் போகப் பார்க்கும். முன்பு அது போயிருக்கும். இப்போது, முகவரியும் சேர்வரும் பொருந்தாத கடிதத்தைப் பெறுபவரின் பக்கம் சந்தேகத்தோடு பார்த்துக் குப்பைப் பெட்டியில் போடுகிறது, அல்லது திருப்பி அனுப்புகிறது. திரும்பி வந்த கடிதம் வேறு விடயம். உங்கள் பக்கத்திலிருந்து அது போய்விட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

சங்கச் செயலாளர்களுக்கு இன்னொன்று: ஜீமெயிலில் ஒரு நாளுக்கு 500 என்ற அளவில் எல்லை இருக்கிறது. பொங்கல் விழா அழைப்பிதழை எல்லா அங்கத்தவர்களுக்கும் ஒரே இரவில் அனுப்பினால் அடுத்த நாள்வரை வாசல் மூடப்படலாம். அது பழுதல்ல, தண்டனை!

ஊருக்குப் போகும்போது மடிக்கணனியைக் கொண்டுபோகிறவர்களும் இதே முறைப்பாட்டைச் சொல்வார்கள். சிட்னியில் போன கடிதம் யாழ்ப்பாணத்தில் போகாது. இங்கே வீட்டில் இருக்கும்போது, உங்கள் இணையச் சேவை நிறுவனம் "இது எங்கள் வீட்டுக்காரர்" என்று அடையாளம் கண்டு கடவுச்சொல் இல்லாமலே கடிதத்தை வாங்கியிருக்கும். அங்கே போய் வேறு நிறுவனத்தின் இணைப்பிலிருந்து தட்டும்போது அந்நியர் ஆகிவிடுகிறீர்கள்; 550 ரிலே வரும். புறப்படமுன் அனுப்பும் பக்கத்தில் கடவுச்சொல்லும் 587 அல்லது 465உம் போட்டுவிட்டால் எந்த ஊரிலும் போகும். அதைச் சோதிக்க விமானம் ஏறத் தேவையில்லை. வீட்டு இணைப்பைத் துண்டித்து, கைத்தொலைபேசியின் இணைப்பில் கணனியைப் போட்டு ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். தொலைபேசி வேறு நிறுவனத்தினுடையது என்றால் இன்னும் நல்லது.

வைரஸ் தடுப்பு மென்பொருள் போகும் கடிதங்களை இடையில் பிரித்துப் பார்க்க முயன்று வழியை அடைப்பதும் உண்டு. அதன் மின்னஞ்சல் சோதனையை மட்டும் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கணனியின் கடிகாரம் வருடக்கணக்கில் பின்னால் நின்றாலும் பூட்டுகள் திறக்காது. அப்போது பெரும்பாலும் வரவும் சேர்ந்தே நிற்கும். வின்டோஸோடு வந்த 'மெயில்' என்ற மென்பொருளைப் பாவித்தவர்களுக்குத் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. மைக்ரோசொப்ட் அதை 2024 டிசம்பர் 31உடன் நிறுத்திவிட்டது. 'லைவ் மெயில் 2012'க்கும் 2017 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது. இவற்றில் இன்னமும் பழைய கடிதங்கள் கிடந்தால் அவற்றை வெளியே எடுத்துவிட்டு வேறு மென்பொருளுக்கு மாறுங்கள்.

கடைசியாக, உதவி கேட்கும் விடயம். "அவுட்லுக் உதவி எண்" என்று இணையத்தில் தேடினால் மேலே வரும் எண்கள் சிலவற்றின் பின்னால் இருப்பவர்கள் மோசடிக்காரர்கள். இனிமையாகப் பேசி, எனிடெஸ்க் போன்ற மென்பொருளை இறக்கச் சொல்லி, உங்கள் கணனியைத் தங்கள் கைக்கு எடுப்பார்கள். பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். கடிதம் போகாததற்கும் வங்கிக்கும் என்ன தொடர்பு? தொலைபேசியை வைத்துவிடுங்கள். ஏற்கனவே உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால் கணனியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு முதலில் வங்கிக்கு அழையுங்கள். பிறகு ஸ்காம்வோட்சில் முறையிடலாம். உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் எண்ணை வீட்டுக்கு வரும் பில்லிலிருந்து எடுங்கள், தேடலிலிருந்து எடுக்காதீர்கள்.

எங்களுக்கு அழைப்பவர்கள் மூன்று விடயங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தால் எங்களுக்கும் சுகம்: மென்பொருளின் பெயர், முகவரி எந்த நிறுவனத்தினுடையது என்பது, திரையில் வந்த அந்த மூன்று இலக்க எண். கடவுச்சொல்லை எழுத வேண்டாம், எங்களுக்கும் சொல்ல வேண்டாம். அடுத்த மாதம், பொப் முறையில் உள்ள பழைய கடிதங்களை ஐமப் கணக்குக்குப் பத்திரமாக மாற்றுவது எப்படி என்று பார்ப்போம்.